சிறியது போகிறது, பெரியது நிற்கிறது

கிளை அலுவலகத்திலிருந்து வரும் புகார்களில் ஒன்று ஆளைத் திணறடித்துவிடும். தலைமை அலுவலக சர்வருக்குப் பிங் (மறுமுனை இருக்கிறதா என்று பார்க்கும் சிறிய சோதனைச் செய்தி) அனுப்பினால் பதில் வருகிறது. கணக்கு மென்பொருளின் முதல் பக்கம் திறக்கிறது, கடவுச்சொல்லும் ஏற்கப்படுகிறது. மாத அறிக்கையைக் கேட்டதும் திரை அப்படியே நின்றுவிடுகிறது. "லைன் இருக்கிறது சார், வேலைதான் நடக்கவில்லை" என்கிறார் கிளை மேலாளர். இணையச் சேவை நிறுவனமோ லைனில் குறையே இல்லை என்கிறது. இருவர் சொல்வதும் உண்மைதான்.

கோளாறு பெரும்பாலும் பொட்டலத்தின் அளவில் இருக்கும்.

இணையத்தில் தரவு பொட்டலம் பொட்டலமாகத்தான் பயணிக்கிறது. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு வழக்கமாக 1500 பைட். பல ஃபைபர் இணைப்புகளில் உள்ள பிபிபிஓஇ என்ற முறை தன் பங்காக 8 பைட்டை எடுத்துக்கொள்ள, மிச்சம் 1492. அடுத்து வருவது விபிஎன், அதாவது பொது இணையத்தின் ஊடே கிளையையும் தலைமை அலுவலகத்தையும் இணைக்கும் மறைவான சுரங்கம். கிளையின் ரூட்டர் ஒவ்வொரு பொட்டலத்தையும் மறையாக்கம் செய்து, வேறொரு பொட்டலத்துக்குள் வைத்து, மேலே தலைமை அலுவலக ரூட்டரின் முகவரியை எழுதி அனுப்புகிறது. இந்த வெளி உறை இடத்தை அடைக்கும். ஐபிசெக் என்ற விபிஎன் முறையில், தேர்ந்தெடுக்கும் மறையாக்கத்தைப் பொறுத்து, சுமார் 50 முதல் 80 பைட். வயர்கார்டு என்ற இன்னொரு முறையில், பழைய முகவரி முறையான ஐபிவி4 வழியே 60, புதிய ஐபிவி6 வழியே 80. வயர்கார்டு தன் உச்ச அளவை 1420 என்று வைத்திருப்பது இதனால்தான்.

ஆக, சர்வர் 1500 பைட்டுக்குக் கட்டிய பொட்டலம் இந்தச் சுரங்கத்துக்குள் நுழையாது. ரூட்டர் அதை இரண்டாக வெட்டி அனுப்பலாமே என்றால், இன்றைய கணினிகள் பெரும்பாலும் 'வெட்டாதே' என்ற குறியோடுதான் பொட்டலத்தை அனுப்புகின்றன. அப்போது ரூட்டர் அதைக் கைவிட்டுவிட்டு, 'இது பெரிது, இன்ன அளவில் அனுப்பு' என்று ஓர் ஐசிஎம்பி செய்தியை (பிணையத்தின் நிலையையும் கோளாறையும் தெரிவிக்கும் வகை; பிங்கும் இதில் அடங்கும்) திருப்பி அனுப்ப வேண்டும். 1990இல் வெளியான ஆர்எஃப்சி 1191 என்ற இணையத் தர ஆவணம் வகுத்த நல்ல ஏற்பாடு இது. பாதுகாப்பு என்று சொல்லி, பிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐசிஎம்பி செய்திகளை ஃபயர்வாலில் அடைத்துவைக்கும் பழக்கம்தான் இதைக் கெடுக்கிறது. செய்தி போய்ச் சேராததால் சர்வர் அதே பெரிய பொட்டலத்தை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். பிங்கோ வழக்கமாகச் சில பத்து பைட்தான். அது ஓடி ஓடி வரும்.

கண்டுபிடிப்பது எளிது. 'வெட்டாதே' குறியோடு பிங்கின் தரவு அளவை 1472இலிருந்து படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். எந்த எண்ணில் பதில் வருகிறதோ அதோடு தலைப்புக்கான 28ஐக் கூட்டினால் பாதையின் அளவு தெரிந்துவிடும். 1372இல் வந்தால் 1400. அதில் தலைப்புகளுக்கான 40ஐக் கழித்து, டிசிபி எம்எஸ்எஸ் (தலைப்பு போக ஒரு பொட்டலத்தில் ஏற்றக்கூடிய தரவின் உச்ச அளவு) மதிப்பை 1360 என்று ரூட்டரில் கட்டாயப்படுத்திவிட்டால், இணைப்பு தொடங்கும்போதே இரு முனைகளும் சிறிய பொட்டலத்துக்கு ஒப்புக்கொள்ளும். குரல் அழைப்பு போன்றவை பயன்படுத்தும் யுடிபி முறைக்கு இது உதவாது. சுரங்கத்தின் உச்ச அளவையும் 1400 என்று சரியாகக் குறித்தாக வேண்டும்.

ரூட்டர் வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்ட 'கிகாபிட்' என்ற சொல்லை நான் நம்புவதில்லை. அது பெரும்பாலும் மறையாக்கம் இல்லாத வேகம். தரவுத்தாளில் ஐபிசெக் வேகம் தனியாக இருக்கும், அதைத் தேடுங்கள். ஏஇஎஸ் மறையாக்கத்துக்குத் தனி வன்பொருள் உதவி இல்லாத சில்லில் இரண்டு எண்களுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கும். அந்த வேகத்தை எந்த அளவுப் பொட்டலத்தில் அளந்தார்கள் என்பதையும் பாருங்கள். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஒரு தொலைபேசி உரையாடல் ஒரு திசையில் நொடிக்கு 50 பொட்டலங்களை அனுப்புகிறது, ஒவ்வொன்றும் 200 பைட்தான். ரூட்டரைச் சோர்வடையச் செய்வது பைட்டுகளைவிடப் பொட்டலங்களின் எண்ணிக்கை.

முகவரித் திட்டத்தை முதல் நாளே போட்டுவிடுங்கள். எல்லாக் கிளைகளிலும் ரூட்டர் கொடுத்த 192.168.1 வரிசையையே விட்டுவைத்தால், சுரங்கம் போட்ட பிறகு எந்தக் கிளையின் அச்சுப்பொறி எது என்று யாருக்கும் தெரியாது. 10 என்று தொடங்கும், அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படும் தனியார் முகவரிகள் ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. கிளைக்கு ஒரு துண்டு ஒதுக்குவதில் கஞ்சத்தனம் எதற்கு?

முதல் லைன் அறுந்தால் உதவ மாற்று வழியாக மொபைல் சிம் வைத்தால் ஒரு சிக்கல். அதற்குக் கிடைக்கும் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், அது பலர் ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாடு. வெளியிலிருந்து யாரும் அந்த ரூட்டரை அழைக்க முடியாது. எனவே சுரங்கத்தைக் கிளைதான் தொடங்க வேண்டும். வழி மூடிக்கொள்ளாதிருக்க அவ்வப்போது ஒரு வெற்றுப் பொட்டலமும் அனுப்ப வேண்டும். வயர்கார்டில் இதற்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி 25 நொடி.

முதல் லைன் இறந்ததை ரூட்டர் எப்படி அறியும்? சாலையில் ஃபைபர் அறுந்தாலும், அலுவலகச் சுவரில் உள்ள ஓஎன்டிக்கும் (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) ரூட்டருக்கும் இடையே உள்ள கேபிளில் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். விளக்கை மட்டும் நம்பும் ரூட்டர் சிம்முக்கு மாறவே மாறாது. தொலைவில் உள்ள ஒரு முகவரிக்குச் சில நொடிக்கு ஒருமுறை பிங் அனுப்பி, பதில் நின்றால் மாறும்படி அமைக்க வேண்டும். சோதிக்கும்போது ரூட்டரின் கேபிளைப் பிடுங்கிப் பார்த்து நிறைவடையாதீர்கள். ஓஎன்டியில் செருகியிருக்கும் ஃபைபரைக் கழற்றிப் பாருங்கள்.