400 கிராமில் 20 டன்

விதைப் பரிசோதனை நிலையத்துக்கு நெல் மாதிரி இரண்டு பைகளில் வந்து சேரும். ஒன்று துணிப்பை, இன்னொன்று காற்றுப் புகாமல் ஒட்டிய பாலித்தீன் பை. நெல் ஒன்றுதான். ஈரப்பதம் பார்க்க வேண்டிய நெல் வழியில் நனையவும் கூடாது, காயவும் கூடாது, அதனால் பாலித்தீன். முளைப்புத்திறன் பார்க்க வேண்டியதை அப்படி அடைத்தால், ஈரம் சற்றுக் கூடினாலே புழுங்கிப் பூசணம் பிடித்துவிடும்.

வந்ததும் பதிவேட்டில் ஏற்றி ஒரு குறியீட்டு எண் கொடுப்பார்கள். மேசைக்குப் போவது அந்த எண் மட்டுமே. யாருடைய விதை என்று பரிசோதிப்பவருக்குத் தெரியாது.

முதலில் ஈரப்பதம். காத்திருக்க வைத்தால் அளவு மாறிவிடும். அரைத்து எடை போட்டு, 130 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் காயவைத்து, மறுபடி எடை பார்ப்பார்கள். விதைநெல்லில் 13 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது.

அடுத்து, மாதிரியிலிருந்து சிறு பங்கைப் பிரித்தெடுப்பது. அதுதான் நுட்பமான வேலை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சரிதான், பானையில் சோறு கொதித்துப் புரண்டிருக்கிறது. மூட்டை அப்படியா? லாரியில் குலுங்கி வரும்போது பதர் மேலே ஏறும். பொடிக் களைவிதை இடுக்குகளில் நழுவி அடிக்குப் போகும். பல மூட்டைகளில் குத்தூசி போட்டு எடுப்பது இதனால்தான். 20 டன் வரை இருக்கக்கூடிய குவியலுக்காக ஆய்வகம் வருவது 400 கிராம். தூய்மை பார்க்க, அதாவது பதரும் களைவிதையும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று பார்க்க, அதிலும் 40 கிராம்தான். ரகத்தைப் பொறுத்து 2000 மணிகள் முன்பின் இருக்கும்.

அந்த 40 கிராமைக் கையால் அள்ளக்கூடாது. எவ்வளவு நேர்மையானவர் அள்ளினாலும் விரல் திரண்ட மணியைத்தான் தேடும். அதற்கென்று பிரிப்பான் இருக்கிறது. மேலே புனல், கீழே கூம்பு. கூம்பில் பட்டுச் சிதறும் நெல், ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த தடங்கள் வழியே இறங்கி, இரண்டு தட்டுகளில் பாதிப் பாதியாக விழும். ஒரு பாதியை மறுபடி கொட்டுவார்கள்; அதில் பாதியை மறுபடி. கடைசியில் 43 கிராம் நின்றால் 43 கிராமையும் பரிசோதிக்க வேண்டியதுதான். 3 கிராமைக் கிள்ளி எடுத்தால் அங்கேயும் விரல் நுழைந்துவிடுகிறதே!

மிச்ச நெல் குளிர்ந்த, உலர்ந்த அறைக்குப் போகும். விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே என்பது விதைக்காரர்களின் தோராயக் கணக்கு.

கடையில் விதை ஆய்வாளர் எடுக்கும் மாதிரியை 1966 விதைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறது. ஒன்று விற்பவருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று ஆய்வாளரிடமே. வழக்காகி மறு பரிசோதனை கேட்டால், மிச்சமிருக்கும் மாதிரியை மத்திய விதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அனுப்புமுன் நீதிமன்றம் பார்ப்பது, பையின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று.