வெக்கை வேறு, புழுக்கம் வேறு: ஹாட் யோகாவில் எந்த வகுப்பு?

"அறையில் எத்தனை டிகிரி?" சூடாக்கிய அறையில் செய்யும் ஹாட் யோகாவில் சேர நினைத்து என்னிடம் யோசனை கேட்பவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். 40 என்றால் சிலருக்குத் தயக்கம். வேறு சிலருக்கோ, 40க்குக் குறைந்தால் கொடுத்த காசு வீண் என்ற நினைப்பு. நான் திருப்பிக் கேட்பேன்: "அங்கே வெக்கையா, புழுக்கமா?"

வெக்கையில் வியர்வை பூத்ததும் காய்ந்துவிடும். காயும்போது தோலின் சூட்டையும் கொண்டுபோகும். புழுக்கத்தில் அது காயாமல் வழிந்து பாயில் சொட்டும். ஏகமாக வியர்த்த திருப்தி கிடைக்கும், ஆனால் உடம்பு குளிர்ந்திருக்காது. ஈரப்பதம் மிகுந்த 36 டிகிரி அறை, உலர்ந்த 40 டிகிரி அறையைவிட அதிகமாகப் படுத்திவிடும். டிகிரியை மட்டும் கேட்டு வகுப்பைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கதைதான் தெரியும்.

எல்லோரும் முதலில் கேள்விப்படுவது பிக்ரம் முறையை. 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள், 90 நிமிடம், சுமார் 40.6 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம். கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவில் பரப்பியது. இந்த ஆசன வரிசைக்கு அவர் கோரிய பதிப்புரிமையை (காப்பிரைட்) 2015இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர்மீது பாலியல் புகார்களும் எழுந்தபின் பல கூடங்கள் அவர் பெயரைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டன. இன்று '26 அண்ட் 2' என்று போட்டிருந்தால் அது இதே வகுப்புதான்.

இதில் வரிசை மாறவே மாறாது. சிலருக்குச் சலிப்புத் தட்டும். எனக்கு அதுதான் இதன் பலமாகப் படுகிறது. நேற்று நின்ற ஆசனத்தில் இன்று தள்ளாடினால் உடம்பில் ஏதோ சரியில்லை என்று உடனே தெரிந்துவிடும். சூரிய நமஸ்காரம் கிடையாது, கைகளில் உடல் எடையைத் தாங்கும் வேலையும் அநேகமாக இல்லை. எனவே மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு ஒத்துவரும். ஆனால் நின்று செய்யும் ஆசனங்களில் "முட்டியைப் பூட்டு", அதாவது காலை முழுக்க நீட்டி இறுக்கு, என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். முட்டி இயல்பாகவே பின்பக்கம் வளைகிறவர்கள் அந்தச் சொல்லை அப்படியே கேட்கக் கூடாது. தொடையை இறுக்கினால் போதும்.

ஒரு ஆசனத்திலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து நகரும் ஹாட் வின்யாசாவில் சூடு பெரும்பாலும் 32 முதல் 37 டிகிரிக்குள் இருக்கும். இதைப் பார்த்து "மிதமானது" என்று ஏமாறுகிறவர்கள் அதிகம். நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதால் உடம்பே அடுப்பாகிவிடும்; அறைச் சூடு அதன்மேல் வந்து சேரும். வியர்வையில் கை வழுக்கும்போது சதுரங்க தண்டாசனம் (முழங்கையை மடக்கி உடலைத் தரைக்கு மேலே தாங்கும் நிலை) தோளைப் பதம் பார்த்துவிடும். சாதாரண அறையில் வின்யாசா பழகாதவர்களை நான் இதற்கு அனுப்புவதில்லை.

இன்ஃப்ராரெட் அறையில் பலகைகளிலிருந்து வரும் சூடு நேராக உடம்பில் படும். காற்று அவ்வளவு புழுங்காது. பலகைக்குப் பக்கத்தில் படுப்பதும் தள்ளிப் படுப்பதும் இரண்டு வகுப்புகள் போல. "நச்சு வெளியேறும்" என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கிற வேலை.

நான் அதிகம் கவலைப்படுவது சூடான யின் வகுப்பைப் பற்றி. மெதுவானது, இதமானது, மூன்று நான்கு நிமிடம் ஒரே நிலை. உடம்பு வளையாதவர்களுக்குச் சுகம்தான். ஏற்கெனவே ரப்பர் போல வளைகிறவர்களுக்குத்தான் சிக்கல். சூட்டில் இழுவையைத் தாங்கும் அளவு கூடுவதால், "போதும்" என்கிற வலி தாமதமாக வரும். உட்காரும்போது தரையில் அழுந்தும் எலும்புக்குப் பக்கத்தில் வலி என்று என்னிடம் வந்தவர்களில் பலர், வகுப்பிலேயே நன்றாக வளைந்தவர்கள். தொடையின் பின்பக்கத் தசைநார் அங்கேதான் எலும்போடு சேர்கிறது. அது ஆற மாதக்கணக்கில் ஆகும்.

எடை குறைக்க வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது, 90 நிமிட பிக்ரம் வகுப்பில் ஆண்கள் சராசரியாகச் சுமார் 460 கலோரியும் பெண்கள் 330 கலோரியும்தான் செலவழித்தார்கள். நெஞ்சு படபடப்பதற்கு ஒரு பங்கு காரணம், உடம்பைக் குளிரவைக்க ரத்தம் தோலுக்கு ஓடுவது. 2018இல் வெளியான டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு இன்னும் சுவாரசியமானது. இதே ஆசனங்களை ஒரு குழு 40.5 டிகிரியிலும் இன்னொரு குழு 23 டிகிரியிலும் 12 வாரம் செய்தது. ரத்தக்குழாய்களின் செயல்பாடு இரண்டு குழுவிலும் மேம்பட்டது. சூடு பிடித்தால் போங்கள், பிடிக்காவிட்டால் பெரிதாக எதையும் இழக்கவில்லை.

இனி என் தவறு. ஆரம்ப காலத்தில், "யாரும் வெளியே போகாதீர்கள், முடியாவிட்டால் பாயில் படுங்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என் பேச்சைக் கேட்டு 80 நிமிடம் பொறுத்திருந்து, சவாசனத்திலிருந்து எழும்போது சுருண்டு விழுந்தார். நல்லவேளை, அடிபடவில்லை. மாத்திரையைப் பற்றி நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து வகுப்பைப் பற்றி விசாரிக்கிறவர்களிடம் ஒன்று சொல்கிறேன்: போன் செய்து, "நடுவில் வெளியே போகலாமா?" என்று கேளுங்கள். கூடாது என்றால் வேறு இடம் பாருங்கள்.

கர்ப்பிணிகள், முக்கியமாக முதல் மூன்று மாதங்களில், எந்தச் சூடான வகுப்புக்கும் வேண்டாம். நீர் மாத்திரை, பீட்டா பிளாக்கர், லித்தியம், இன்சுலின் எடுப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்குச் சூட்டில் அறிகுறிகள் கூடும்.

சரி, சேர்ந்துவிட்டீர்கள். சூட்டுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை கதவுக்குப் பக்கத்தில் பாயை விரியுங்கள், பாதி ஆசனங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீரை வகுப்புக்குச் சில மணி நேரம் முன்பிருந்தே குடித்து வாருங்கள். கடைசி நிமிடத்தில் ஒரு லிட்டரை மடமடவென்று ஊற்றிக்கொண்டால் வயிறுதான் புரளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு எல்லாம் நிறுத்தச் சொல்லும் குறிகள். அந்த அனலிலும் உடம்பு சில்லென்று புல்லரித்தால் ஆசிரியர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். வெளியே போங்கள், பாயை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.