குண்டைக் காற்று எவ்வளவு தள்ளும்?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் பாயும் ரைஃபிள் குண்டை அந்தக் காற்று என்ன செய்யும்?

ஒரத்தநாட்டுப் பக்கத்துத் தரிசு வயல் ஒன்றை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுவோம். இலக்கு 500 மீட்டரில். குறுக்கே மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று, அதாவது வினாடிக்கு சுமார் 4.4 மீட்டர். 308 வின்செஸ்டர் வகைக் குண்டு அத்தூரத்தைக் கடக்க முக்கால் வினாடி ஆகும். கொள்ளிடத்தில் ஓடம் நீரோட்டத்தோடு இழுபடுவதுபோல் குண்டும் இழுபட்டால், மூன்று மீட்டருக்கு மேல் விலகவேண்டும். உண்மையில் விலகுவது சுமார் 60 சென்டிமீட்டர்தான்.

காரணம் அழகானது. சுழன்று செல்லும் குண்டு, தன்மேல் மோதும் காற்றை நோக்கி மூக்கைச் சற்றே திருப்பிக்கொள்கிறது. காற்றின் இழுவை அந்தச் சாய்ந்த அச்சின் வழியே பின்னோக்கி இழுப்பதால், அதில் ஒரு சிறு பங்கு மட்டும் பக்கவாட்டில் விழுகிறது. காற்றே இல்லாத வெற்றிடத்தில் இதே பயணம் 0.625 வினாடியில் முடிந்திருக்கும். இழுவையால் கூடிய நேரம் ஏறத்தாழ 0.135 வினாடி. அதைக் காற்றின் வேகத்தால் பெருக்குங்கள்: 60 சென்டிமீட்டர் வந்துவிடும். பறந்த நேரத்தைவிட, தாமதமான நேரமே முக்கியம்.

இந்த இழுவை எவ்வளவு பெரியது என்பதை முதலில் அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். ஊசலாடும் மரக்கட்டையில் குண்டைச் சுட்டு, ஊசலின் வீச்சிலிருந்து வேகத்தைக் கணித்தார். முடிவுகளை 1742இல் வெளியிட்டார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்து, 1751இல் நம் கொள்ளிடத்துக்கு வடக்கே, கடலூர் புனித டேவிட் கோட்டையில் இறந்தார். இது நம் பக்கத்தில் அதிகம் பேசப்படவேண்டிய செய்தி.

ஆகவே தொலைதூரத்துக்கு ரைஃபிள் தேர்ந்தெடுப்பவர் வெடிமருந்தின் பலத்தைவிடக் குண்டின் வடிவத்தைப் பார்ப்பது நல்லது. 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகை புறப்படும்போது 308ஐவிடப் பெரிதாக வேகம் கூடியதல்ல. ஆனால் அதன் மெலிந்து நீண்ட குண்டு வேகத்தை மெதுவாகவே இழப்பதால், காற்று விலகல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நீண்ட குண்டு தடுமாறாமலிருக்க வேகமாகச் சுழலவேண்டும். குழலுக்குள் 20 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்று வரி வெட்டியிருப்பார்கள். வெளியேறும்போது வினாடிக்கு சுமார் 4,000 சுற்று!

புவியீர்ப்பால் குண்டு கீழிறங்குவதும் உண்டு. ஆனால் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் தூரத்தைச் சொல்லிவிடும், ரைஃபிள்மேல் பொருத்திய தொலைநோக்கியான ஸ்கோப்பின் திருகில் அதைச் சரிசெய்துவிடலாம். காற்றைத்தான் கண்ணால் படிக்கவேண்டும். தென்னந்தோப்பின் மறைவில் நிற்பவருக்குக் காற்றே தெரியாது. நடுவயலில் அது வேறு வேகத்தில் வீசும். மதியக் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை ஸ்கோப்பில் பார்ப்பது நல்ல வழி. சுடுபவருக்கு அருகிலுள்ள காற்றே அதிகம் கெடுக்கும், தொடக்கத்தில் திரும்பிய கோணத்தால் வரும் விலகல் கடைசிவரை வளர்வதால்.

டெல்டாவில் இதற்கெல்லாம் வேட்டை என்ற பயன் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கோடியக்கரை வெளிமான்களுக்கு 1967 முதல் சரணாலயம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மான்கள் பெருகிய நியூசிலாந்து போன்ற நாடுகளில் வேட்டை சட்டப்படி நடக்கிறது. அங்கும் இந்தக் கணக்குத்தான் எல்லை வகுக்கிறது. காற்றின் வேகத்தை மணிக்கு 8 கிலோமீட்டர் தவறாகக் கணித்தால், 500 மீட்டரில் குண்டு 30 சென்டிமீட்டர் தள்ளிப் படும். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியின் மையத்தைக் குறிவைத்திருந்தால், அதைத் தாண்டிவிட இதுவே போதும். அது காயத்தோடு ஓடும். 250 மீட்டரில் அதே தவறு ஏழு சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும்.