ராப் என்பது வேகப்பாட்டா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க நாளில் அமெரிக்க ராப் கலைஞர் ஸ்னூப் டாக் கையில் ஒலிம்பிக் தீபத்துடன் ஆடி அசைந்து போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். திரையின் கீழே அவர் பெயருக்கு முன்னால் ‘வேகப்பாடகர்’ என்று ஓடியது. ராப் கலைஞரைக் குறிக்க எழுதும் இந்தச் சொல்லைப் பல இடங்களில் பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் ஸ்னூப் டாக்குக்கே அதைச் சூட்டியபோது பொறுக்க முடியவில்லை.

ராப் என்றால் ஆங்கிலத்தில் முதலில் பட்டென்று தட்டுவது. ஓசையிலிருந்து பிறந்த சொல். பிறகு வெடுக்கென்று சொல்வது, கண்டிப்பது, குற்றஞ்சாட்டுவது என்று பொருள் விரிந்தது. 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் பேச்சில் மனம்விட்டுப் பேசுவதற்கு அதுதான் சொல். 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இசைத்தட்டின் தாளத்துக்கு மேல் பேசும் கலை வளர்ந்தது. அதற்கும் அந்தப் பெயரே நிலைத்தது. தட்டு உண்டு, பேச்சு உண்டு. வேகம் எங்கே வந்தது?

வேகமாகத்தானே காதில் விழுகிறது என்பார்கள். சரி, எமினெம் என்ற ராப் கலைஞர் 2013இல் ஆறு நிமிடப் பாட்டு ஒன்றில் 1,560 சொற்களை அடுக்கி கின்னஸில் இடம்பிடித்தார். அது அவருடைய திறமை. அதை வைத்துக் கலைக்கே பெயர் சூட்டலாமா?

ஸ்னூப் டாக்கைக் கேளுங்கள். கலிபோர்னியாவின் லாங் பீச்சில் 1971இல் பிறந்தவர். சின்ன வயதில் தேவாலயத்தில் பாடியவர், வாலிபத்தில் கிரிப்ஸ் என்ற தெருக் குற்றக் கும்பலோடு பழகினார். பள்ளி முடித்த கொஞ்ச நாளிலேயே கோகோயின் வழக்கில் சிக்கி, சில ஆண்டுகள் சிறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். 1992இல் ராப் கலைஞரும் இசைத் தயாரிப்பாளருமான டாக்டர் டிரே அவரைத் தன் பாடல்களில் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டே ஸ்னூப்பின் முதல் ஆல்பம் வெளியான வேகத்தில் பில்போர்டு என்ற அமெரிக்க இசைத் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கொலை வழக்கொன்று தலைக்கு மேல் தொங்கி, 1996இல் விடுதலை கிடைத்தது. இத்தனை கொந்தளிப்பைக் கடந்து வந்தவரின் குரலில் பதற்றமே இல்லை. சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு கதை சொல்வது போல, தாளத்துக்கு ஒரு இழை பின்னால் நின்று, சொல்லின் வாலை இழுத்து விடுவார். அவரை முப்பது ஆண்டுகளாக நிற்க வைத்திருப்பது அந்த நிதானம்தான்.

சொல் தாளத்தின் மேல் ஓடும் இந்த விதத்துக்கு ராப் கலைஞர்கள் சொல்லும் பெயர் ஃப்ளோ. தமிழிலும் செய்யுளின் ஓசை நடைக்கு வண்ணம் என்று பெயர் உண்டு; தொல்காப்பியச் செய்யுளியல் அது இருபது என்கிறது. அவற்றில் ஒழுகு வண்ணம் ஒன்று, முடுகு வண்ணம் ஒன்று. ஓசை நீர்போல ஒழுகுவது முன்னது, நிற்காமல் ஓடுவது பின்னது. ஸ்னூப் ஒழுகு, எமினெம் பல இடங்களில் முடுகு. இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்த்த மொழியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் ‘வேகம்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது எனக்கு வலிக்கிறது.

ராப்பைச் சொற்கட்டு என்று சொல்லலாமே என்பாரும் உண்டு. அது தகதிமி போல ஓசைக்காக நிற்பது. ராப்பின் உயிரோ பொருளில் இருக்கிறது. சொல்லிசைதான் சரி. சொல்லால் ஆன இசை. எல்லாப் பாட்டிலும் சொல் இருக்கிறதே என்று கேட்டால், மற்ற பாட்டில் மெட்டு சொல்லைச் சுமக்கிறது, இங்கே சொல்லே தாளத்தைச் சுமக்கிறது.

மொழிபெயர்ப்பவர்கள் ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்டுவிட்டு எழுதக் கூடாதா? எல்லோருக்கும் தெரிந்த கலைஞரைப் பற்றி, ஆங்கிலத்தின் ‘மெயின்ஸ்ட்ரீம்’ சொல்லை அப்படியே பெயர்த்து ‘மைய நீரோட்டப் புகழ்’ என்று எழுதுவதும் இதே அவசரம்தான். ஊரறிந்தவர் என்றால் யாருக்குப் புரியாது? அந்த ஒலிம்பிக் வரியில் ‘சொல்லிசைக் கலைஞர் ஸ்னூப் டாக்’ என்று போட்டிருக்கலாம். இடம் போதாதென்றால் ‘ராப் கலைஞர்’ போதும்.