எறாவின் தித்திப்பு தாளில் ஏறிய கதை

கடலூர் ஓ.டி. என்னும் பழைய நகரில் நான் வழக்கமாக எறா வாங்கும் அக்கா விலையைக் குறைக்கவே மாட்டார். “ஐஸ்ல கெடந்தது வேணும்னா கொறச்சித் தரேன் தம்பி. இது இப்ப எறங்குனது, தித்திக்கும்” என்பார். வியாபாரப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன், எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு தாளைத் தொங்கவிட்டுப் பார்க்கும் வரை.

எறாவின் தித்திப்புக்கு முக்கியக் காரணம் சர்க்கரை அல்ல, கிளைசின் என்னும் அமினோ அமிலம். புரதச் சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கும் கிளைசினை நாக்கு அறியாது. எதிலும் கோக்கப்படாமல் செல்லின் நீரில் தனியே கரைந்து கிடப்பது மட்டும்தான் இனிக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அந்த உப்பு செல்லின் நீரை உறிஞ்சி இழுக்காமல் இருக்க, உள்ளேயும் ஏதாவது கரைந்திருக்க வேண்டும். உப்பையே நிரப்பினால் நொதிகளின் வேலை கெடும். எனவே எறா கிளைசின், புரோலின், அலனைன், ஆர்ஜினின் போன்றவற்றைச் சேர்த்து வைக்கிறது. மழைக்காலத்தில் கெடிலமும் பெண்ணையாறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்போது கழிமுகத்து எறா இந்தச் சரக்கைக் குறைத்துக்கொள்ளும்.

இதைக் கண்ணால் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். கலவையில் உள்ளவற்றைத் தாளில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தாள் வண்ணப்பிரிகை போதும். தோலுரித்த எறாவை 80 சதவீத எத்தனாலில் நைத்தால் புரதம் திரிந்து கட்டியாகிவிடும். சுழற்றித் தெளியவைத்த மேல்நீரில் தனி அமினோ அமிலங்கள் இருக்கும். இதில் உப்பு அதிகம் கலந்திருந்தால் புள்ளி வட்டமாக வராமல் வால் விட்டு இழுத்துக்கொள்ளும். அப்போது முதலில் உப்பை நீக்கியாக வேண்டும்.

வாட்மன் 1 என்னும் வடிதாளின் அடியில் பென்சிலால் கோடு போட்டு, நுண்குழாயால் துளித்துளியாக வைத்து, ஒவ்வொரு துளியும் காய்ந்தபின் அடுத்ததை வைக்கிறோம். பேனா கூடாது, மையும் கூடவே ஏறிவிடும். பக்கத்திலேயே தூய கிளைசின், அலனைன், புரோலின் புள்ளிகள். பிறகு பியூட்டனால், அசிட்டிக் அமிலம், நீர் கலந்த கரைப்பானில் தாளின் விளிம்பு மட்டும் நனையும்படி மூடிய ஜாடிக்குள் தொங்கவிட வேண்டும். அந்த நெடி மறுநாளும் சட்டையை விட்டுப் போகாது.

கரைப்பான் தாளில் ஏறும்போதுதான் பிரிகை நடக்கிறது. தாளின் செல்லுலோஸ் இழைகள் நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. பியூட்டனால் அந்த நீரைக் கடந்து மேலே போகிறது. கூடை சுமந்து தெருவில் போகும் மீன்காரம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு வாடிக்கை உள்ளவர் நின்று நின்றுதான் போவார். வாடிக்கை இல்லாதவர் விறுவிறுவென்று தெருக்கோடிக்குப் போய்விடுவார். நீரோடு ஒட்டுதல் அதிகமுள்ள ஆர்ஜினின் கீழேயே தங்கும். எண்ணெய்த்தன்மை கொண்ட பக்கக்கிளை உள்ள லூசின் முன்னால் ஓடும். கரைப்பான் 20 செ.மீ. ஏறினால் கிளைசின் ஏறக்குறைய 5 செ.மீ., அலனைன் ஏழரை செ.மீ. போயிருக்கும். வெப்பமும் காற்றின் ஈரமும் மாறினால் இந்த விகிதமும் மாறும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் புத்தக எண்ணை நம்புவதைவிடப் பக்கத்தில் ஏறும் தூய புள்ளியோடு ஒப்பிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இவ்வளவும் நடந்தபின்னும் தாள் வெறும் வெள்ளையாகத்தான் இருக்கும். அமினோ அமிலத்தோடு சேர்ந்து நிறம் தரும் நின்ஹைட்ரினைத் தெளித்துச் சூடேற்றினால் ஊதாப் புள்ளிகள் மெல்ல எழும்பும். 1910-இல் வேதியியலாளர் ரூஹ்மான் கண்ட வினை இது. புரோலின் மட்டும் மஞ்சளாக வரும். ஒருமுறை புள்ளிகளோடு ஒரு பெருவிரல் ரேகையும் பளிச்சென்று எழுந்தது. கையுறை போடாமல் தாளை எடுத்த மாணவர் அசடு வழிந்தார். வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு; காவல்துறைத் தடயவியலில் இதே நின்ஹைட்ரின்தான் ரேகை எடுக்கிறது.

இந்தப் பிரிகை முறையின் தொடக்கம் கம்பளியில் இருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கம்பளி ஆய்வகத்தில் ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் 1941-இல் இந்தப் பங்கீட்டு வண்ணப்பிரிகையைக் கண்டனர். 1944-இல் அது தாளுக்கு வந்தது. 1952-இல் இருவருக்கும் நோபல். நரம்புகளை அடக்கும் காபா என்னும் அமினோ அமிலம் மூளையில் இருப்பது 1950-இல் தெரியவந்ததும் இப்படித் தாளில் எழுந்த ஒரு புதுப் புள்ளியால்தான்.

அளவு துல்லியமாக வேண்டுமென்றால் கரைப்பானை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பிரிக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவிக்குப் போக வேண்டும். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ரத்தத்துளியில் பினைல்அலனைன் என்னும் அமினோ அமிலம் மிகுந்திருக்கிறதா என்று பார்க்க இன்று மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் நிறை நிறமாலைமானி இருக்கிறது. எறாவுக்கு எனக்குத் தாளே போதும்.

அக்காவிடம் வாங்கிய இரண்டு எறாக்களையும் ஒரே தாளில் ஏற்றினேன். புதிய எறாவின் கிளைசின் புள்ளி கனத்த ஊதா. ஐஸில் கிடந்ததன் புள்ளி வெளிறியிருந்தது. போன சரக்கு எங்கே என்று பார்க்க, பெட்டியின் அடியில் தேங்கிய ஐஸ் தண்ணீரையும் மூன்றாவதாக ஒரு துளி வைத்திருந்தேன். அதே உயரத்தில் அங்கேயும் ஒரு ஊதாப் புள்ளி எழுந்தது.