சொல்வளத் தேர்வு எதை அளக்கிறது?

கல்லூரியில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கியதும் ஆங்கிலச் சொல்வளத் தேர்வு ஒன்றை வைத்து, அந்த மதிப்பெண்ணைக் கொண்டே மாணவர்களைப் பிரிவு பிரிவாக உட்காரவைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பது என் வேலை. தேர்வு எதை அளந்தது என்று கேட்காமலேயே ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானித்துவிடுகிறோமே என்பதுதான் என் கவலை.

இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் தேர்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷனும் டேவிட் பெக்லரும் 2007இல் வெளியிட்டது. ஆங்கிலச் சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) அடிக்கடி வருபவை முதல் அரிதாக வருபவை வரை ஆயிரம் ஆயிரமாக அடுக்கி, ஒவ்வோர் ஆயிரத்துக்கும் பத்துக் கேள்வி வீதம் 140 கேள்விகள் தந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். சரியான விடைகளை 100ஆல் பெருக்கினால் தெரிந்த சொற்குடும்பங்களின் எண்ணிக்கை வரும். பொறுப்போடு உருவாக்கிய தேர்வுதான். ஆனால் ஒரு சொல்லும் தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக 35 விடைகள் சரியாக அமையும். அவருக்கு 3,500 சொற்குடும்பங்கள் தெரியும் என்று தாள் சொல்லும்!

சொற்குடும்பம் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'அக்ரி' (ஒத்துக்கொள்) தெரிந்தவருக்கு 'டிஸ்அக்ரிமென்ட்', 'அக்ரியபிள்' எல்லாம் தெரியும் என்று கணக்கு வைக்கிறார்கள். ஆங்கிலச் சூழலில் வளர்ந்தவருக்கு அது பெரும்பாலும் பொருந்தும். பாடப்புத்தகத்தில் மட்டும் ஆங்கிலத்தைப் பார்த்த பிள்ளைக்குப் பொருந்துவதில்லை. மறுபுறம், விடைகளும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், சொல் தெரிந்தும் விடையின் வாக்கியம் புரியாமல் தவறவிடுபவர்களும் இருக்கிறார்கள். விடைகளைத் தமிழில் கொடுத்தால் இந்தக் குறை தீரும்.

வேறொரு முறையில், சொற்களை வரிசையாகக் காட்டி, தெரியுமா தெரியாதா என்று மட்டும் கேட்பார்கள். சொல்வள ஆய்வாளர் பால் மெயரா 1980களில் இதை வளர்த்தெடுத்தார். ஆங்கிலத்தில் இல்லவே இல்லாத சொற்களையும் நடுவில் கலந்துவைத்து, அவற்றையும் 'தெரியும்' என்று குறிப்பவரின் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். நம் மாணவர்கள் பலர் அந்தப் பொய்ச்சொற்களையும் குறித்துவிடுகிறார்கள். அதை ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'தெரியாது' என்று சொன்னபோதெல்லாம் வகுப்பில் திட்டு வாங்கி வளர்ந்த பிள்ளை, கல்லூரிக்கு வந்த முதல் வாரத்தில் அதே சொல்லை எப்படி எழுதும்? இல்லாத சொற்களும் கலந்திருக்கின்றன, தெரியாது என்று குறிப்பதில் தவறில்லை என்று முன்கூட்டியே தமிழில் விளக்கிவிட்டுத்தான் தாளைக் கொடுக்க வேண்டும்.

எந்தத் தேர்வுத் தாளும் கண்டுபிடிக்காத இடம் ஒன்று உண்டு. அறிவியல் பிரிவில் படித்த ஒரு மாணவிக்கு 'ஃபோட்டோசிந்தசிஸ்' தண்ணீர் பட்ட பாடு. ஒரு பத்தியைக் கொடுத்து, படித்ததைத் தமிழில் சொல்லச் சொன்னேன். மழை குறைந்தும் 'யீல்ட் ஹார்ட்லி ஃபெல்' என்று ஒரு வாக்கியம். அதாவது விளைச்சல் அவ்வளவாகக் குறையவில்லை. அவளோ, விளைச்சல் கடுமையாக விழுந்துவிட்டது என்று தயங்காமல் சொன்னாள். 'ஹார்ட்' என்றால் கடுமை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வழுக்கினாள். பொருள் கேட்கும் தேர்வில் 'ஹார்ட்' என்ற சொல்லுக்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள்.

நம் பிள்ளைகளைப் பாடப்புத்தகத்தில் தடுக்கி விழவைப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு சொற்களே. 'ஆல்தோ', 'அன்லெஸ்', 'இன்ஸ்டெட்' போன்றவை. ஒரு கதையைத் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ளப் பெரும்பாலோருக்கு அதிலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூவும் நேஷனும் 2000ஆம் ஆண்டு ஆய்வில் கண்டார்கள். அடிக்கடி வரும் முதல் இரண்டாயிரத்திலேயே ஓட்டை இருந்தால் அந்த அளவை எட்ட வழியே இல்லை. இந்நிலையில் அரிய சொற்களின் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும் பயிற்சி வகுப்புகளைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பெற்றோர் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்த ஆயிரத்தில் இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். நேஷன் 1983இலேயே வகுத்த படிநிலைத் தேர்வு அதற்கென்றே உள்ளது. பிறகு பத்துச் சொற்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் பார்த்ததே இல்லையா, பார்த்த நினைவிருந்தும் பொருள் தெரியாதா, பொருள் தெரியுமா, வாக்கியத்தில் வைத்து எழுத வருமா என்று படிப்படியாகக் கேளுங்கள். அதே சொற்களை வாயால் சொல்லியும் பாருங்கள். எழுத்தில் தெரிந்த சொல் காதில் விழும்போது பலருக்குப் பிடிபடுவதில்லை. முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல் மாணவரைத் தனியாக அழைத்து, எந்தச் சொற்களில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள். பருவம் முடிந்ததும் வேறு தாள் கொண்டு மீண்டும் அளந்து, பிரிவையும் மாற்றிக்கொடுங்கள்.