குவிமாடம் அல்ல, கூண்டுக்கூரை

ஆங்கிலத்தில் ‘வால்ட்’ எனப்படும் கூரையைக் ‘குவிமாடம்’ என்று தமிழாக்குவது தொடர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த முறை பார்த்தது வீடு கட்டுவோருக்கான கையேட்டில். அதனால்தான் எழுதுகிறேன்.

சுருட்டுதல், திருப்புதல் என்னும் பொருளுள்ள ‘வொல்வெரே’ என்ற இலத்தீன் வினையில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. வளைத்துக் கட்டிய கூரை என்பதே முதற்பொருள். அப்படிக் கட்டிய நிலவறைகளில் பொன்னும் பணமும் வைத்ததால் வங்கிப் பெட்டகத்துக்கும் அதே பெயர் வந்தது. ‘பெட்டகக் கூரை’ என்று எழுதுகிறவர்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

சரி, குவிமாடத்துக்கு வருவோம். குவிதல் என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓரிடத்தில் சேர்வது. பீஜாப்பூர் கோல் கும்பஸ் குவிமாடம். கையேடு சொல்லும் நீள்வளைவு வால்ட் எங்கும் குவிவதில்லை. ஒரே வளைவு நீளவாக்கில் ஓடுகிறது. குவிமாடம் அடிவட்டம் முழுக்க வெளியே தள்ளும். வால்ட் இரண்டு நீளச் சுவர்களைத்தான் தள்ளும். எந்தச் சுவரைப் பருமனாக்குவது என்பதே இதில் அடங்கியிருக்கிறது. எகிப்தில் 1940களில் புது குர்னா கிராமத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி, நூபியக் கொத்தர்களின் முறையைக் கையாண்டார். சென்ட்ரிங் கிடையாது, மண்கல் வரிசைகளைப் பின்சுவரில் சாய்த்து ஒட்டிக்கொண்டே முன்னால் வருவார்கள். குவிமாடம் என்று படித்த கொத்தனார் அந்தப் பின்சுவரை எதற்குக் கட்டுவார்?

‘கவிகை’ என்று சொல்லலாமே என்பார்கள் தனித்தமிழ் அன்பர்கள். அழகான சொல்தான். ஆனால் 389ஆம் குறளில் ‘கவிகைக்கீழ்த் தங்கும் உலகு’ என்னும்போது அது குடை. குடை நடுக்காம்பிலிருந்து எல்லாப் பக்கமும் சரிவது. மறுபடியும் குவிமாடத்துக்கே போய்விடுகிறோம்.

நம்மிடம் கூண்டு வண்டி இருக்கிறது. மூங்கிலை வில்லாக வளைத்து வரிசையாகக் கட்டி, மேலே பாய் போர்த்திய கூண்டு. முன்னும் பின்னும் திறப்பு. அச்சு அசல் இதே வடிவம். ஆகவே ‘கூண்டுக்கூரை’. பறவைக் கூண்டு நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். ‘கூரை’ சேர்ந்ததும் அந்தக் குழப்பம் போய்விடும். சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரருக்கும் கொத்தனாருக்கும் ஒரே உருவம் தோன்ற வேண்டும். தூய்மையெல்லாம் அப்புறம்.

அதே கையேடு, கூரைமேல் வரும் மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சை ‘வெள்ளையடித்தல்’ என்கிறது. படித்தபோது கோபமே வந்தது. வெள்ளையடிப்பது சுண்ணாம்புத் தண்ணீரை மட்டையால் தீற்றுவது. மொராக்கோவின் ததலாக்த் பூச்சோ, சுண்ணாம்புச் சாந்தை அடுக்கடுக்காகப் பூசி, ஈரம் போவதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் சோப்பு ஏற்றுவது. சோப்பு சுண்ணாம்போடு வினைபுரிந்து நீரில் கரையாத படலமாகிறது. அதனால் தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த செட்டிநாட்டுச் சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர்கள் அதை வெள்ளையடிப்பு என்று சொல்வார்களா? கையேட்டை நம்பி ஒருவர் கூண்டுக்கூரைக்கு வெள்ளையடித்துவிட்டு மழையை எதிர்பார்த்தால் வீடு ஒழுகும். ‘மெருகுச் சுண்ணாம்புப் பூச்சு’ என்று எழுதுங்கள். அடுத்த பதிப்பில் இரண்டு சொற்களையும் மாற்றிவிடுங்கள்.